யாரும் வைக்காத மருந்து

புருஷனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை முனீஸ்வரி டிவியில் பார்த்தாள். கோச்சடையில் டாக்டர் வசுந்தராவின் கிளினிக். கருத்தக்கண்ணனை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்து, கறுப்புக் குழாயைத் தொண்டை வழியே இறக்கியிருந்தார்கள். இரண்டு வெங்காய மூட்டைகளை ஒரே நேரத்தில் முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிற ஆள், ஓங்கரித்து ஓங்கரித்துக் கண்ணில் நீர் வழியக் கிடந்தான். திரையில் சிவந்த சதைச் சுவர் சுருங்கி விரிந்தது. அதில் ஒரு பள்ளமான புண். புண்ணின் மேலும் சுற்றிலும் ஆறிய பாலின் ஆடையைப் போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. டாக்டர் தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் பார்த்தார். அது நகரவில்லை.

“அது என்ன டாக்டரம்மா, வெள்ளையா?”

“பூஞ்சை மாதிரி தெரியுதும்மா. புண்ணு மேல படர்ந்து ஒட்டியிருக்கு. கொஞ்சம் சதை கிள்ளி லேபுக்கு அனுப்புறேன். பத்து நாள்ல ரிப்போர்ட் வந்துடும். அதுவரைக்கும் வலி மாத்திரையைத் தொடவே கூடாது. மூட்டையும் தூக்கக் கூடாது.”

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். கதவோரம் நின்ற கொழுந்தன் சிவக்குமார், திரையில் ஓடியதை முழுக்கத் தன் செல்போனில் பிடித்து வைத்திருந்தான்.

கருத்தக்கண்ணன் பதினாறு வருஷமாக மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து விடியுமுன்னே பஸ் ஏறுவான். இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை, அந்த மாத்திரையால் வருகிற நெஞ்செரிச்சலுக்கு ஒரு கேஸ் மாத்திரை. மெடிக்கலில் கேட்டு வாங்கி, தினமும் வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்து முனீஸ்வரியே அவன் உள்ளங்கையில் வைப்பாள். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். வயிற்று வலி தாங்காத போது மெடிக்கல்காரர் ஏதோ கேப்சூலும் கொடுப்பார். நாலு நாள் தின்றால் குறையும், நிறுத்திவிடுவான். அடுத்த மாசம் முன்னைவிட மோசமாக வரும். ஆள் இளைத்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

முனீஸ்வரி கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். கையில் பலம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். வேலை செய்த இடத்தில் இடுப்பில் கை வைத்த மேஸ்திரியைத் தூக்கிக் கலவைத் தொட்டிக்குள் போட்டு, அவன் தலையைச் சிமெண்டில் அமுக்கிப் பிடித்தவள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் விட்டாளாம். அதைப் பற்றி யாராவது கேட்டால் அவள் மறுக்கமாட்டாள்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் சிவக்குமார் செல்லை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“நல்லாப் பாருங்க மதினி. தண்ணியடிச்சும் போகல. இம்புட்டு கெட்டியா ஒட்டியிருக்கு. இது தானா வந்த புண்ணு இல்ல. ஆரோ சோத்துல மருந்து வச்சிருக்காக.”

“டாக்டரம்மா பூஞ்சைன்னுச்சே?”

“பூஞ்சைன்னா என்னா? உள்ள கெடந்த சாமான் பூசணம் பூத்திருக்கு. அந்த அம்மா பாசையில அதுக்குப் பேரு பூஞ்சை.”

ஜன்னலோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்த கருத்தக்கண்ணன், “வாய மூடிட்டு வாடா” என்றான். அதற்கு மேல் பேச அவனுக்குத் தெம்பில்லை.

வசியத்துக்கோ கெடுதலுக்கோ சோற்றில் கலந்து கொடுக்கிற மருந்து இரைப்பையில் ஒட்டிக்கொண்டு, மயிரும் பாசியுமாக வளர்ந்து ஆளைத் தின்றுவிடும் என்பதைச் சிறு வயதிலிருந்தே முனீஸ்வரி கேட்டு வளர்ந்திருந்தாள். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை. இவள் பார்த்துவிட்டாள், அதுவும் கலரில்.

மருந்து எடுக்கிற விருமாண்டியிடம் மறுவாரமே கூட்டிப் போனார்கள். தகரக் கொட்டகை. விருமாண்டி வீடியோவை இரண்டு முறை பார்த்தான். ஒரு சொம்பு பச்சைச் சாற்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கருத்தக்கண்ணன் முகத்தைத் திருப்பினான். சிவக்குமார் பின்னாலிருந்து கைகளைப் பிடிக்க, முனீஸ்வரி மூக்கைப் பொத்தி ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவன் முழங்காலில் விழுந்து வாந்தியெடுத்தான். முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில் காப்பித்தூளைப் போலக் கறுப்பாக. உடம்பு முறுக்கிக்கொண்டு துடித்தது. அப்போதுதான் விருமாண்டி அவன் தொப்புளுக்கு மேலே வாயை வைத்து உறிஞ்சினான். நிமிர்ந்து, ஈயத் தட்டில் துப்பினான். நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. சாம்பல் நிறம். அதிலிருந்து மயிர் நீட்டிக்கொண்டிருந்தது.

“வேரு இன்னும் உள்ளதான் இருக்கு. ஆக்கிப் போட்டது பொம்பளக் கை,” என்றான் விருமாண்டி. “ஒங்க வீட்டுக் கை இல்லத்தா. வெளிய திங்கிற எடம்.”

அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மார்க்கெட்டின் கிழக்கு வாசலோரம் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிற பாண்டிச்செல்வியின் பெயர் முனீஸ்வரியின் நாக்கில் ஏற்கெனவே இருந்தது. புருஷனை இழந்தவள். கருத்தக்கண்ணனுக்கு வயிறு சரியில்லை என்று தெரிந்த நாளிலிருந்து, அவனுக்கென்று தனியாகக் காரமில்லாமல் மோர்ச்சோறு பிசைந்து வைப்பாளாம். இதை அவனே ஒருநாள் வீட்டில் சொல்லிச் சிலாகித்திருந்தான். அன்றைக்கு முனீஸ்வரிக்கு லேசாகச் சுருக்கென்றது. இப்போது அந்த மோர்ச்சோறு வேறு மாதிரித் தெரிந்தது. ஊரில் அத்தனை பேர் தின்கிற கடையில் இவனுக்கு மட்டும் எதற்குத் தனிப் பாத்திரம்?

வீட்டுக்கு வந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதும், “அது அப்படிப்பட்ட பொம்பள இல்ல. என்னைய அண்ணேன்னுதான் கூப்புடும்,” என்றான் கருத்தக்கண்ணன்.

“அதுக்குள்ள வக்காலத்தா?” என்றாள் அவள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் மருந்தின் வேலையாகவே அவளுக்குப் பட்டது.

இரண்டு நாள் கழித்து, டாக்டர் சொன்னதைக் கேட்காமல், வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவன் வேலைக்குக் கிளம்பிப் போனான். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்றான். அன்று காலை பத்து மணி வாக்கில் முனீஸ்வரியும் சிவக்குமாரும் மாட்டுத்தாவணியில் இறங்கினார்கள்.

மார்க்கெட் வேலை தணிந்து லோடுமேன்கள் சாப்பிட வருகிற நேரம். பாண்டிச்செல்வி அடுப்பின் முன் நின்று வடை போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒடிசலான பெண். இவர்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தாள்.

“வாங்க மதினி. அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு? முந்தாநேத்து வாந்தி—”

முனீஸ்வரி அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துப் பலகையில் முகத்தை மோதினாள். இலையும் தட்டும் சிதறின.

“என்னாடி வச்ச எம் புருசனுக்கு? சொல்லுடி! மோர்ச்சோத்துல என்னத்தடி கலந்து குடுத்த?”

“ஆத்தி, நான் என்னத்த வச்சேன்? விடு! விடுத்தா என்னைய!”

“வயித்துல ஒட்டியிருக்குடி. நான் கண்ணால பாத்தேன். பூசணம் பூத்துக் கெடக்குடி!”

மறுபடி மோதினாள். பாண்டிச்செல்வியின் உதடு கிழிந்து பல்லில் ரத்தம் வந்தது. ஆனால் அவளும் பதினோரு வருஷம் மார்க்கெட்டில் தனியாகப் பிழைத்தவள். கைக்கு எட்டிய ஜல்லிக் கரண்டியை எண்ணெயோடு எடுத்து வீசினாள். கரண்டியின் விளிம்பு முனீஸ்வரியின் புருவத்தைப் பிளந்தது. சூடும் ரத்தமுமாகக் கண்ணில் வழிந்தது. சிவக்குமார் சாம்பார்ப் பானையை எட்டி உதைத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு அலறினார்கள். யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள். அவன் அவர்களையும் குத்தினான்.

முனீஸ்வரிக்கு ஒற்றைக் கண்தான் தெரிந்தது. அந்தக் கண்ணில் வடைச் சட்டி பட்டது. கலவைச் சட்டி தூக்கிப் பழகிய கைகள் அவை. முந்தானையைச் சுற்றிச் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினாள். பாண்டிச்செல்வி கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தாள். கை பாதிதான் உயர்ந்தது.

எண்ணெய் அவளுடைய வலது பக்க முகத்திலும் கழுத்திலும் தோளிலும் விழுந்தது. அரை வேக்காட்டு வடை ஒன்று கழுத்தில் ஒட்டிக்கொண்டு புகைந்தது. அவள் போட்ட சத்தத்தில் மார்க்கெட் முழுக்க அடங்கியது. அவள் தரையில் உருண்டு, வெங்காயத் தோலும் மண்ணும் அப்பிக்கொள்ள, தன் முகத்தைத் தானே பிய்த்துப் போடப் பார்த்தாள். யாரோ தண்ணீர்க் குடத்தை அவள்மேல் கவிழ்த்தார்கள்.

முதுகில் மூட்டையோடு ஓடிவந்த கருத்தக்கண்ணன் அதைக் கீழே போட்டான். கிடந்தவளைப் பார்த்தான், பெண்டாட்டியின் கையிலிருந்த சட்டியைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். பிறகு சிவக்குமாரின் தொண்டையைப் பிடித்து அங்கே நின்ற லாரிமேல் சாய்த்து முகத்தில் குத்தினான். மூக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது. சிவக்குமார் திணறிக்கொண்டே முழங்காலைத் தூக்கி அண்ணனின் வயிற்றில் ஒரு இடி இடித்தான்.

கருத்தக்கண்ணன் கையை விட்டான். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. இரண்டாக மடிந்து உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். முனீஸ்வரி சட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் வயிற்றில் கை வைத்தாள். வயிறு கருங்கல்லைப் போல இறுகியிருந்தது. முகம் வேர்த்துச் சாம்பலாகிவிட்டது.

லோடுமேன்கள் அவளைச் சும்மா விடவில்லை. முதுகிலும் விலாவிலும் மிதித்தார்கள். ஒருவன் அவள் விரல்களைச் செருப்புக் காலால் நசுக்கினான். அவள் புருஷன்மேல் கவிழ்ந்து கிடந்தாளே தவிர எழுந்திருக்கவில்லை. சிவக்குமார் தப்பி ஓடிவிட்டான். இரண்டு ஆட்டோக்கள் வந்தன. முன்னால் போனதில் பாண்டிச்செல்வியின் ஓலம். பின்னால் போனதில் கருத்தக்கண்ணன் முனகக்கூட முடியாமல் கிடந்தான். இரண்டும் பெரியாஸ்பத்திரிக்கே போயின.

இரைப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்லி அவனை ஆபரேஷனுக்கு எடுத்துப் போனார்கள். முனீஸ்வரியின் புருவத்தில் ஏழு தையல். பக்கத்தில் மலையம்மாள் என்ற பெண் போலீஸ் வந்து உட்கார்ந்துகொண்டாள். மதியத்துக்கு மேல் டாக்டர் வசுந்தரா வந்தார். பகலில் அவருக்கு அங்கேதான் வேலை, சாயந்தரம்தான் கோச்சடைக் கிளினிக். கையில் ஒரு காகிதம் இருந்தது.

“உங்க வீட்டுக்காரர் பிழைச்சுட்டார். ஓட்டையை அடைச்சிருக்காங்க,” என்றார். அவர் முகத்தில் கொஞ்சமும் இளக்கமில்லை. “ரிப்போர்ட் நேத்தே வந்துருச்சு. மூணு தடவை போன் பண்ணேன். யாரும் எடுக்கல.”

“தம்பி ஒதச்சதுலதான் ஓட்ட விழுந்துச்சா?”

“அந்த இடம் காகிதம் மாதிரி ஆகியிருந்துச்சு. அந்த உதை இல்லாட்டியும் இந்த வாரமோ அடுத்த வாரமோ கிழிஞ்சிருக்கும். உதையும் ஒரு காரணம்தான்.”

“வயித்துல இருந்த மருந்த எடுத்துட்டாகளா டாக்டரம்மா?”

 வசுந்தரா எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் கிளினிக்கில் உட்காராதவர்.

“கவனமாக் கேளுங்க. உங்க வீட்டுக்காரர் வயித்துல இருந்தது ரெண்டு கிருமி. ஒன்னு பாக்டீரியா. வயித்து அமிலத்துலயே உயிரோட இருக்கிற ஜாதி. அதுதான் புண்ணை உண்டாக்குறது. இன்னொன்னு பூஞ்சை, ஈஸ்ட்டு ஜாதி. தனித்தனியா இருந்தா மருந்துக்கு அடங்கும். இங்க ரெண்டும் கூட்டுச் சேந்துக்கிச்சு. பூஞ்சை நூல் நூலா ஓடி வலை மாதிரிப் பின்னுச்சு. பாக்டீரியா அந்த வலைக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. ரெண்டும் பிசின் மாதிரி ஒன்னைக் கக்கி, மேல போத்திக்கிச்சு. டிவில நீங்க பாத்த வெள்ளைப் படலம் அதுதான். கேப்சூல் போட்டா மேல இருக்கிறது சாகும், அடியில இருக்கிறது பிழைச்சுக்கும். அதான் குறைஞ்சு குறைஞ்சு திரும்ப வந்துச்சு.”

“அப்ப, அது சோத்துலதான வந்துச்சு?”

“வந்திருக்கலாம். பாக்டீரியா சாப்பாட்டுல, தண்ணியில, ஒருத்தர் வாயிலேருந்து இன்னொருத்தருக்கு வரும். அநேகமா சின்ன வயசுலயே வந்திருக்கும். எங்கேருந்துன்னு என்னால மட்டும் இல்ல, யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்ப அவ குடுத்திருக்கலாம்ல?” முனீஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். “சொல்லுங்க! அவ சோத்துலேருந்து வந்திருக்கலாம்ல?”

“உக்காரு,” என்று மலையம்மாள் அவள் தோளை அழுத்தினாள்.

“நீங்களும் குடுத்திருக்கலாம்,” என்றார் வசுந்தரா. “அவரும் உங்களுக்குக் குடுத்திருக்கலாம். இப்ப இந்த வராந்தாவில நிக்கிறவங்களைச் சோதிச்சா பாதிப் பேர் வயித்துல அந்த பாக்டீரியா இருக்கும். பூஞ்சை எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கிறதுதான். மருந்துன்னு அதை யாரும் சோத்துல வைக்க முடியாதும்மா. அதுக்கு வசதி பண்ணிக் குடுக்கத்தான் முடியும்.”

“என்ன வசதி?”

டாக்டர் தயங்கினார். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

“வலி மாத்திரை இரைப்பையோட மேல்தோலை அரிக்கும். கேஸ் மாத்திரையை வருஷக் கணக்கா யாரையும் கேக்காமப் போட்டா அமிலம் கொறஞ்சு பூஞ்சைக்கு நல்ல இடமாயிடும். அரைகுறையா கேப்சூல் சாப்பிட்டா நல்ல கிருமிங்க சாகும், இது ரெண்டும் தங்கிடும். ரெண்டு வருஷமா வெறும் வயித்துல போட்டிருக்கார்.”

“நாந்தான் குடுத்தேன்,” என்றாள் முனீஸ்வரி. “தெனமும் நாந்தான் கையில வச்சுக் குடுத்தேன்.”

“நீங்க நல்லதுக்குத்தான் குடுத்தீங்க.”

“மோர்ச்சோறு?”

“அதுவும் நல்லதுக்குத்தான். இந்தப் புண்ணோட அவர் ரெண்டு வருஷம் வேலை பாத்தார்னா, வேளைக்கு ஏதோ காரமில்லாம உள்ள போனதாலதான்.”

முனீஸ்வரி நசுங்கிய தன் விரல்களைப் பார்த்தபடி இருந்தாள். சட்டென்று நெற்றியைச் சுவரில் மோதினாள். தையல் பிரிந்து ரத்தம் வழிந்தது. இன்னொரு முறை மோதினாள். மலையம்மாளும் வார்டு ஆளும் சேர்ந்து பிடித்துக் கீழே அமுக்க வேண்டியிருந்தது. அவளை ஜீப்புக்கு நடத்திப் போகும்போது தீக்காய வார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மார்க்கெட்டில் கேட்ட அதே குரல், இப்போது கட்டையாகிக் கிழிந்து கேட்டது. “நடம்மா,” என்றாள் மலையம்மாள். 

முப்பத்தொரு நாள் சிறையில் இருந்தாள். சிவக்குமாரையும் மூன்றாம் நாள் திருச்சி ரோட்டில் பிடித்துவிட்டார்கள். அவன் ஏற்பாட்டில் வந்த வக்கீல், கைகலப்பில் சட்டி தானாகக் கவிழ்ந்தது என்று சொல்லச் சொன்னார். டாக்டரே சாப்பாட்டால் வந்திருக்கலாம் என்று சொன்னதையும் கோர்ட்டில் எடுத்துவிடலாம் என்றார். முனீஸ்வரி சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜாமீனில் வீட்டுக்கு வந்தபோது கருத்தக்கண்ணன் திரும்பியிருந்தான். வயிற்றில் நெடுக ஒரு தழும்பு. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்த மாத்திரைகளைத் தானே எடுத்து விழுங்கினான். அவள் தண்ணீர் நீட்டினாள். வாங்கவில்லை.

“ஏதாச்சும் பேசுங்க. அடிக்கவாச்சும் செய்யுங்க.”

“எம் வயித்துக்குள்ள இருந்தத டிவில பாத்தேல்ல,” என்றான். “பாண்டிச்செல்வி மூஞ்சிய நீ இன்னும் பாக்கல. ஒரு கண்ணு போச்சு. மொதல்ல போய் அதப் பாரு.”

அவள் போனது பாண்டிச்செல்வியிடம் அல்ல. அதற்குத் தைரியம் வரவில்லை. உள்ளே கொதித்தது எங்கேயாவது இறங்க வேண்டியிருந்தது. வயிற்றில் மருந்தே இல்லையென்றால், விருமாண்டி துப்பிய கட்டி அவன் வாய்க்குள்ளேயே இருந்ததாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை விருமாண்டியின் தகரக் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே ஓர் இளம் பெண் முழங்காலில் நின்று வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனும் மாமியாரும் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். விருமாண்டி உறிஞ்சுவதற்குக் குனிந்தான். முனீஸ்வரி பின்னாலிருந்து அவன் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி, மறுகையின் விரல்களை அவன் வாய்க்குள் விட்டாள். அவன் கடித்தான். எலும்பு வரை பல் இறங்கியது. அவள் எடுக்கவில்லை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் துழாவி, மெழுகும் கிணற்றுப் பாசியும் மயிரும் உருட்டிய ஒரு கட்டியை வெளியே இழுத்துப் போட்டாள். அவள் ரத்தத்தோடு அது தரையில் விழுந்தது.

“பாருங்க! வயித்துலேருந்து இல்ல, வாயிலேருந்து எடுக்குறான். நீங்க உள்ள வரும்போதே கடவாயில ஒதுக்கி வச்சுக்கிறான்!”

விருமாண்டியைக் கீழே தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அறைந்தாள். அவன் பல் ஒன்று போனது. அவள் எதிர்பார்க்காதது அதன் பிறகுதான் நடந்தது. அந்த மாமியார் பச்சைச்சாறு இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து அவள் மண்டையில் அடித்தாள்.

“எம் மகன் குடும்பத்துக்கு மருந்து எடுக்க வந்தா, குறுக்க வந்து தடுக்குறியா? நீ ஆருடி? வச்சவளே நீதானா?”

மகனும் சேர்ந்துகொண்டான். வாசலில் காத்திருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். தரையில் கட்டி கிடந்தது, எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத்தான் அடித்தார்கள். “வச்சவ, வச்சவ” என்று ஒரே குரலாகக் கத்தினார்கள். முனீஸ்வரி கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். தான் ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். வாந்தியெடுத்த பெண் மட்டும் மூலையில் நின்று கட்டியையே வெறித்துப் பார்த்தபடி, “அத்த, விடுங்க அத்த” என்று அழுதாள். அவள் சொல்வதை யார் கேட்பது? ரோட்டில் போன ஒரு பால் வண்டிக்காரர்தான் முனீஸ்வரியை இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார். இடது கை எலும்பு முறிந்திருந்தது.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது ஐந்து மாசம் கழித்து. மாவுக்கட்டைப் பிரித்திருந்தாள், கை இன்னும் நேராகவில்லை. சிவக்குமார் தள்ளி நின்றான், மூக்கு கோணலாக ஆறியிருந்தது. எதிர்ப்பக்கம் பாண்டிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். முனீஸ்வரி முதல் முறையாக அவளைப் பார்த்தாள். வலது கண் இருந்த இடத்தில் தோல் இழுத்து மூடியிருந்தது. கன்னமும் கழுத்தும் ஒரே சதையாக ஒட்டிக்கொண்டதால் தலையைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் கருத்தக்கண்ணன் சாட்சியாக வந்து நின்றான்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார். வக்கீல் கண்ணைக் காட்டினார்.

“எண்ணெய ஊத்துனது நாந்தாங்கய்யா,” என்றாள் முனீஸ்வரி. “தவறி விழுகல. தூக்கி ஊத்துனேன். அந்தப் பிள்ள ஒன்னும் வைக்கல.”

சிவக்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். வக்கீல் ஃபைலை மூடினார். பாண்டிச்செல்வி மெல்ல எழுந்தாள். பேசலாமா என்றுகூட அவள் கேட்கவில்லை.

“கடைசியாச் சொன்னதச் சத்தமாச் சொல்லச் சொல்லுங்கய்யா. மார்க்கெட்டுல அம்புட்டுப் பேரு முன்னாடி கத்துனா. இன்னைக்கும் என் கடையில சாப்புட உக்காரையில ஒருத்தன் எலைய மோந்து பாத்துட்டுத்தான் கை வைக்கிறான்.”

 முனீஸ்வரி தொண்டையைச் செருமினாள்.

“அவ ஒன்னும் வைக்கல!” என்று கத்தினாள். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “பாண்டிச்செல்வி எம் புருசனுக்கு ஒன்னும் வைக்கல! அவ சோறுதான் போட்டா!”

“அதே மாதிரி மார்க்கெட்டுக்கும் வந்து சொல்லணும்,” என்றாள் பாண்டிச்செல்வி.

“வாரேன்.”

“வரணும். மன்னிப்பெல்லாம் எங்கிட்டக் கேக்காத. அது எங்கிட்ட இல்ல.”

தண்டனையை அறிவிக்க ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். முனீஸ்வரி ஜாமீனில் இருந்ததால் வெளியே விட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மாட்டுத்தாவணியில் இறங்கி, கிழக்கு வாசலோரம் போய் நின்றாள். லோடுமேன்களுக்கு அவளைத் தெரிந்தது. ஒருவன் அழுகிய தக்காளியை எடுத்து முகத்தில் அடித்தான். இன்னொருவன் காறித் துப்பினான். அவள் துடைத்துக்கொள்ளாமல், நேற்றுச் சொன்னதை அப்படியே அதே சத்தத்தில் சொன்னாள். ஒரு முறை சொல்லி முடித்ததும், அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டி நின்ற பாண்டிச்செல்வி திரும்பாமலே, “இன்னொருக்காச் சொல்லு. அந்தப் பக்கம் கேட்டிருக்காது,” என்றாள். முனீஸ்வரி இன்னொரு முறை சொன்னாள். மூட்டை தூக்க முடியாமல் இப்போது தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிட்டை எழுதுகிற கருத்தக்கண்ணன், தலையைக் குனிந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அவளுக்கு ஏழு வருஷம் கொடுத்தார்கள். சிவக்குமாருக்கு மூன்று.